முதல் இசைத்தட்டில் நான் பாடிய பெயர்

மூன்று நிமிடப் பாட்டுக்காக மூன்று மாதம் நடுங்கியவன் நான். இப்போது ஐம்பதைத் தொட்டுவிட்டேன். ரத்தக் கொதிப்பு இருக்கிறது என்று இராமநாதபுரத்து டாக்டர் சொன்னபோது, "அது எனக்கு இருபத்துநாலு வயசுலயே வந்து போயிருச்சு டாக்டர், இது ரெண்டாவது ஆட்டம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். அந்த முதல் ஆட்டத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தோம். குழுவுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரைக்கும் யாரும் அதைச் சொல்லி எங்களைக் கூப்பிட்டதில்லை. "அந்த நாலு பேரக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள். நாலு பேரைக் கூப்பிடுவது என்றால் நம் ஊரில் வேறு அர்த்தமும் உண்டு என்பதால், அழைக்க வருகிறவர்கள் வாசலில் நின்றே "நல்ல காரியந்தான்" என்று முதலில் சொல்லிவிடுவார்கள்.

பாடுகிறவர் தொண்டிக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். எங்கள் கரையில் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்போம். அவர் எனக்குச் சொந்த அண்ணன் இல்லை, ஆனாலும் காக்காதான். ஒரு பாடகரை ஊரே காக்கா என்று கூப்பிடுவதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆர்மோனியம் வாசித்தவன் நயினார்கோவில் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. விதைப்பும் அறுப்பும் போக மிச்ச நாளெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு அலைவான். டோலக் அடித்தவன் திருப்பாலைக்குடியில் வலை இழுக்கிறவன். அவனுடைய உள்ளங்கையில் கயிறு போட்ட காய்ப்பு இருந்தது. அதனால்தான் அந்த அடி அப்படிப் பேசுகிறது என்று அவனே சொல்லிக்கொள்வான். தொண்டியில் மாமாவின் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த நான் இரண்டாம் குரல்.

காக்கா பினாங்கில் ஐந்து வருடம் ஒரு மளிகைக் கடையில் இருந்தவர். துறைமுகத்தை ஒட்டிய கடை. பக்கத்துக் காப்பிக் கடையில், அமெரிக்கக் கப்பல்காரர்கள் விட்டுப்போன இசைத்தட்டுகள் ஓடுமாம். அதில் கறுப்பு மனிதர்கள் பாடுவார்களாம். ஒரு வார்த்தை புரியாது, ஆனால் வீட்டை விட்டு வந்தவன் பாடுகிறான் என்பது மட்டும் புரியும் என்பார். "அழுதுக்கிட்டே கால்ல தாளம் போடுறான்டா. நம்மாளு அழுதா வெறும் அழுகதான், தாளம் வராது" என்பது அவர் எனக்குச் சொன்ன விளக்கம். வியாபாரம் படித்து வரும்படி அனுப்பப்பட்டவர் இதைப் படித்துக்கொண்டு ஊர் திரும்பினார். கையில் ஒரு மவுத் ஆர்கன்.

ஊருக்கு வந்து அவர் கட்டிய பாட்டு ஒன்று இருந்தது. புருஷன் பினாங்கில் இருக்கிற ஒரு பெண் பாடுவது போன்ற பாட்டு. அவளுக்கு மாதம் ஒரு கடிதம் வரும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். வேறு ஆள் வாசிக்கப் போகிறார் என்பது புருஷனுக்கும் தெரியும். அதனால் அவன் நலம், நலமறிய ஆவல் என்பதைத் தாண்டி ஒன்றுமே எழுத மாட்டான். "எழுதினதெல்லாம் ஊருக்கு, எழுதாம விட்டதுதான் எனக்கா" என்று அந்தப் பெண் கேட்பாள். அந்த "எனக்கா" என்ற இடத்தில் காக்காவின் குரல் ஒரு சுரத்தில் நிற்காமல் சறுக்கி, இரண்டு சுரத்துக்கு நடுவில் போய்த் தங்கும். ஆர்மோனியக்காரன் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் கையை எடுத்துவிடுவான். "அந்தச் சுரத்துக்கு எங்கிட்ட கட்டை இல்ல, நீங்களே பாத்துக்கங்க" என்பான்.

அந்தப் பாட்டைப் பாடத்தான் யாரும் கூப்பிடவில்லை. கல்யாண வீட்டில் அழுகைப் பாட்டுக்கு ஏது இடம்? எங்களைப் பிழைக்க வைத்தது வேறு பாட்டு, மாப்பிள்ளை ஊர்வலப் பாட்டு.

அந்தப் பாட்டில் எனக்கு ஒரு வேலை இருந்தது. "கப்பல் வந்து சேந்திருச்சு, கரை இறங்கும் ராசா யாரு?" என்று காக்கா கேட்பார். உடனே நான் மாப்பிள்ளையின் பெயரை இழுத்துப் பாடுவேன். டோலக் இரண்டு அடி விழும். பாட்டுக்குள் இது நாலு தடவை வரும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் எல்லாருக்கும் பழகிய பாட்டு முறைதான். பெயர் வரும் இடத்தில் கூட்டம் ஒரு சிரிப்புச் சிரிக்கும், மாப்பிள்ளை தலையைக் குனிவார். வீட்டுக்கு வீடு பெயரைச் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்வது என் பொறுப்பு. அதில் நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று அப்போது பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

ஒத்திகை பார்க்கும்போது மாப்பிள்ளை இருக்க மாட்டாரே. அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது. குழுவில் எவனுக்குக் கல்யாணம் ஆகவில்லையோ அவன் பெயரைப் போட்டுப் பாட வேண்டும். சொல்லச் சொல்லப் பலிக்கும் என்று நம்பிக்கை. மற்ற மூன்று பேருக்கும் கல்யாணம் முடிந்திருந்தது. ஆகவே வாரத்தில் மூன்று நாள், நாளைக்கு ஏழெட்டுத் தடவை, என் பெயரை நானே ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். பலிக்கத்தான் இல்லை.

இந்த நிலையில்தான் இசைத்தட்டுக் கம்பெனி ஆள் ஒருவர், காரைக்குடிப் பக்கம் ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர், எங்கள் பாட்டைக் கேட்டார். மெட்ராசுக்கு வந்து பதிவு செய்து கொடுங்கள் என்றார். காக்கா தன் கடிதப் பாட்டைப் பாடிக் காட்டினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா யாரு வாங்குவா?" என்றார். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். முன்பக்கம் ஊர்வலப் பாட்டு. பின்பக்கம் காக்கா தன் இஷ்டத்துக்கு எதை வேண்டுமானாலும் பாடிக்கொள்ளலாம்.

காக்காவுக்கு அந்தத் தட்டில் வேண்டியிருந்தது பின்பக்கம் மட்டும்தான். முன்பக்கம் நன்றாக இருந்தால் ஜனங்கள் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள். முன்பக்கமே சிரிப்பாய்ச் சிரித்துப்போனால் யார் திருப்பப் போகிறார்கள்? இதை அவர் எங்களிடம் விளக்கிச் சொன்னது ஒரே ஒரு தடவை. சொல்லும்போது மவுத் ஆர்கனைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

தட்டில் ஒரு மாப்பிள்ளையின் பெயர் வரக் கூடாது, எல்லாக் கல்யாணத்துக்கும் ஓட வேண்டிய பாட்டு. அதனால் பெயர் வரும் இடத்தில் நான் "மாப்பிள்ளை" என்று மட்டும் பாட வேண்டும் என்று முடிவாயிற்று. சரி என்றேன். அதில் என்ன கஷ்டம்? ஆனால் ஒத்திகையில் வழக்கத்தை மாற்றவில்லை. "பதிவுல மாத்திக்கலாம், இப்ப உன் பேரையே போடு, புண்ணியமாப் போகும்" என்றான் ஆர்மோனியக்காரன்.

இராமநாதபுரத்தில் போட் மெயில் ஏறி எழும்பூரில் இறங்கினோம். ரயிலில் வழி நெடுக "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் மானாமதுரையில் தன் மகளை வேறு பெட்டிக்கு அழைத்துப் போய்விட்டார்.

பதிவு அறை சுவரெல்லாம் கெட்டித் துணி போர்த்தியிருந்தது. நடுவில் ஒரே ஒரு மைக். பதிவு இஞ்சினியர் மெலிந்த மனிதர், சிரிக்காதவர். காக்காவை மைக்குக்கு எதிரில் நிறுத்தினார். ஆர்மோனியம் பக்கத்தில். டோலக் கொஞ்சம் தள்ளி. என்னைப் பாடச் சொல்லிக் கேட்டார். பாடினேன். "ஒரு அடி பின்னால போங்க" என்றார். போனேன். இன்னொரு அடி. அதற்கப்புறம் இன்னும் நாலு அடி. கடைசியில் கதவில் முதுகு இடித்தது. பெரிய குரலுக்குப் பெரிய இடம் வேண்டும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. டோலக் தொடங்கியது. காக்கா கேட்டார், கரை இறங்கும் ராசா யாரு?

நான் என் பெயரைப் பாடினேன்.

பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்குச் சொன்னதே போதும். மூன்று அசைப் பெயர், மெட்டில் வெண்ணெய் மாதிரி உட்காரும். அது வாயை விட்டுப் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. மற்ற மூன்று பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? நூறு தடவை, இருநூறு தடவை அதே இடத்தில் அதே பெயரைத்தானே கேட்டிருக்கிறார்கள். காது பழகிவிட்டது. இஞ்சினியருக்கோ அது பெயர் என்றே தெரியாது, ஏதோ பாட்டு வரி என்று இருந்திருப்பார்.

நியாயமான மனிதன் அங்கேயே பாட்டை நிறுத்தியிருப்பான். நான் யோசித்தேன். யோசிப்பதற்குள் இரண்டாவது தடவை வந்துவிட்டது. இப்போது "மாப்பிள்ளை" என்று மாற்றினால் முதலில் சொன்ன பெயர் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்குமே என்று தோன்றியது. ஒரே பாட்டில் இரண்டு மாப்பிள்ளை ஆகிவிடாதா? ஆகவே, ஒழுங்கு கருதி, மறுபடியும் என் பெயரையே பாடினேன். மூன்றாவது தடவையும். நாலாவது தடவை கொஞ்சம் அழுத்தியே பாடினேன், பயத்தில் குரல் ஏறிவிட்டது.

அடுத்துக் காக்கா கடிதப் பாட்டைப் பாடினார். அதில் எனக்கு வேலை இல்லை. கதவோரம் நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன். "எனக்கா" என்று அவர் குரல் சறுக்கியபோது அந்தச் சிரிக்காத இஞ்சினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தார். காக்கா அப்படிப் பாடி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இவ்வளவு நல்ல பாட்டின் முதுகில் என் பெயரை ஒட்டி வைத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டுக் காட்டுகிறேன், எல்லாரும் கேளுங்கள் என்றார் இஞ்சினியர். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். தெருமுனையில் சோடாக் கடை. இரண்டு சோடா குடித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்றாவது சோடாவும் குடித்தேன். திரும்பி வந்தபோது மூன்று பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. காக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். வராந்தாவில் ஒரு நாதஸ்வரக் கோஷ்டி அடுத்து உள்ளே வரக் காத்துக்கொண்டிருந்தது.

அப்போதே உண்மையைச் சொல்லி, இன்னொரு தடவை பாடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன், எழும்பூரிலிருந்து இராமநாதபுரம் வரைக்கும்.

கல்கத்தாவில் தட்டு அச்சாகி வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று மாதத்தில் நான் எல்லாவற்றையும் கற்பனை செய்து முடித்தேன். ஏதோ ஓர் ஊரில் கல்யாணம். மைக்செட்டில் எங்கள் தட்டு. கரை இறங்கும் ராசா யாரு என்ற கேள்விக்கு என் பெயர் குழாயில் அலறுகிறது. பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். யாரப்பா அந்த இன்னொருத்தன்? தட்டை எடுத்து வீசுகிறார்கள். பின்பக்கத்தோடு சேர்த்துத்தான் வீசுகிறார்கள். காக்காவின் அந்தப் பெண்மணி, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் பாடாமல் குப்பைமேட்டுக்குப் போகிறாள்.

கற்பனை இத்துடன் நிற்காது எனக்கு. நூறு ஊரில் நூறு கல்யாணம். எல்லாவற்றிலும் நானே மாப்பிள்ளை. இப்படிப்பட்டவனுக்கு எவன் பெண் கொடுப்பான்?

பயத்தைவிடக் கொடுமையாக இருந்தது மற்ற மூன்று பேரின் அன்பு. டோலக்காரன் ஒரு நாள் திருப்பாலைக்குடியிலிருந்து நகரை மீன் ஒரு கூடை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, காசு வாங்காமல் போனான். ஆர்மோனியக்காரன் தன் தோட்டத்து வெள்ளரிக்காயைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். காக்கா தன் உயிரான மவுத் ஆர்கனை என் கையில் வைத்து, "நீ இதப் பழகு தம்பி, உனக்கு இது நல்லா வரும்" என்று தலையைத் தடவினார். அறுக்கப் போகிற ஆட்டுக்கு முதலில் தண்ணீர் காட்டுவோம் அல்லவா, அந்த ஞாபகம்தான் எனக்கு வந்தது. தெரிந்துவிட்டது, இவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, தட்டு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். மறுநாள், இல்லை, தெரியாது, தெரிந்தால் காக்கா என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டார் என்று மாற்றி முடிவு கட்டினேன். இரண்டில் எது மேல் என்று எனக்கே விளங்கவில்லை.

தப்பிக்க நான் போட்ட திட்டங்களைச் சொன்னால் என் பிள்ளைகள் இந்தப் புத்தகத்தை ஒளித்துவைத்துவிடுவார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தப் பதிவில் கோளாறு இருக்கிறது, அச்சிட வேண்டாம் என்று கம்பெனிக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். இடது கையால் எழுதினேன், கையெழுத்துத் தெரியக் கூடாதே. தபால் பெட்டியில் போடுவதற்கு முன்பு ஒரு தடவை பிரித்துப் பார்த்தேன். கீழே, "இப்படிக்கு" என்று போட்டு என் பெயரை எழுதியிருந்தேன்.

என்னைப் பெற்ற உம்மாவிடம் போய், எனக்கு வேறு பெயர் மாற்றினால் என்ன என்று கேட்டேன். உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"இருவத்துநாலு வருசமா கூப்பிட்டு எனக்கு வாய் பழகிப்போச்சு. வேணும்னா நீ வேற உம்மாவப் பாத்துக்க" என்றாள்.

தட்டுகள் வந்துவிட்டதாகத் தகவல் வந்த வாரம்தான் டோலக்காரனின் தம்பிக்குத் திருப்பாலைக்குடியில் கல்யாணம். பார்சலை இராமநாதபுரம் ஸ்டேஷனில் எடுத்துக்கொண்டு நேராகக் கல்யாண வீட்டுக்கு வந்துவிடு, அங்கேதான் முதலில் போட்டுக் கேட்பது என்று காக்கா சொல்லி அனுப்பினார். எடுத்துவர என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தார் என்று யோசித்தேன். அதிலும் ஓர் அர்த்தம் இருப்பதாகப் பட்டது. எனக்கு அப்போது எல்லாவற்றிலும் அர்த்தம் பட்டது.

மரப்பெட்டி, உள்ளே வைக்கோல், அதற்குள் தட்டுகள். அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது. கை தவறினால் அப்பளம். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரோடு தேவிபட்டினம் வரைக்கும் ஒரு மாதிரி, அதற்கப்புறம் வேறு மாதிரி. அல்லா, நீயாகப் பார்த்து ஒரு பெரிய குழியைக் கொடு, என் கை குற்றம் செய்ததாக இருக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். அல்லா கேட்டுக்கொண்டான். ரோட்டின் குறுக்கே ஆட்டு மந்தை வந்தது, டிரைவர் முழுப் பலத்தோடு பிரேக் போட்டார். முன் சீட்டுக் கம்பியில் என் நெற்றி போய் முட்டியது. கண் திறந்து பார்த்தால், பெட்டியை இரண்டு கையாலும் பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதன்மேல் கவிழ்ந்து கிடக்கிறேன். பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை. என் கைகளுக்கு என்னைவிடக் காக்காமேல் மரியாதை அதிகம் போலிருக்கிறது.

நெற்றியில் எலுமிச்சம்பழ அளவு வீக்கத்தோடு கல்யாணப் பந்தலில் நுழைந்தேன். காலையிலேயே தாலி கட்டியாயிற்று. மாப்பிள்ளையும் பெண்ணும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று கடலுக்குப் போகாத ஆண்கள் அத்தனை பேரும் பந்தலில் இருந்தார்கள். பெண்கள் இன்னொரு பக்கம். காக்கா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் நெற்றியைப் பார்த்து என்ன என்று கேட்டார், பதிலைக் கேட்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

நான் மைக்செட்காரர் பக்கம் போய் நின்றேன். ஊசி தேய்ந்திருப்பது போல் தெரிகிறதே என்றேன். இன்றைக்குக் காற்று சரியில்லையே என்றேன். சாப்பாடு முடிந்த பிறகு போட்டால் என்ன என்றேன்.

"ஊசி புதுசு. நீங்க கொஞ்சம் அங்கன தள்ளி நில்லுங்க, காத்து சரியாயிரும்" என்றார் அவர்.

தட்டு சுழன்றது. கரகர என்று கொஞ்ச நேரம். பிறகு டோலக். பந்தலில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. தங்கள் ஊர்க்காரனின் கை அடிப்பது பனைமரத்தில் கட்டிய குழாயிலிருந்து வருகிறதே. காக்காவின் குரல் வந்தது. கப்பல் வந்து சேர்ந்தது. கரை இறங்கும் ராசா யாரு என்று குழாய் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் வரவில்லை.

டோலக் இரண்டு அடி மட்டும் விழுந்தது. ஒரு பெயர் சொல்லும் அளவுக்கு வெறும் இடம். அந்த இடத்தில், பந்தலில் உட்கார்ந்திருந்த ஆண்கள், காலங்காலமாகப் பழகிய காது அல்லவா, பெயர் வரவில்லையே என்று தாங்களே மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி ஓர் அதட்டுப் போட்டார்கள். வலை இழுக்கிற தொண்டைகள். பந்தல் கீற்று அதிர்ந்தது. மாப்பிள்ளை தலையைக் குனிந்தான். பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. இரண்டாவது தடவை குழாய் கேட்டபோது பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நாலாவது தடவை மாப்பிள்ளையின் மாமியாரே பெயரைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் குரல் அந்தத் தட்டில் இல்லவே இல்லை. பெயரிலும் இல்லை, கூடப் பாடிய வரிகளிலும் இல்லை. ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

காக்கா என் கையைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால், வலை காயப்போட்டிருந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆர்மோனியக்காரனும் டோலக்காரனும் பின்னாலேயே வந்தார்கள். மூன்று பேர் முகமும் களவு செய்த முகம்.

"தம்பி, கோவிச்சுக்காத. உன் கொரலு விழல. அந்த ஆளு உன்னயக் கதவுக்கிட்ட நிறுத்திட்டாரு, மைக்கு அங்கன வரைக்கும் எட்டல. போட்டுக் காட்டையிலயே தெரிஞ்சுபோச்சு. இன்னொருக்கா பாடுறோம்னு கேட்டோம், நேரம் இல்லன்னுட்டாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம மூணு மாசமா..." என்று காக்கா நிறுத்தினார்.

"அதுக்குத்தான்ல மீனு" என்றான் டோலக்காரன், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அந்த ஊரில் அவ்வளவு சத்தமாக அல்லாவுக்கு யாரும் நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. அவமானத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து ஆர்மோனியக்காரன் தண்ணீர் கொண்டுவர ஓடினான். அவனைத் தடுத்து உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். என் பெயரை நாலு தடவை பாடியது, சோடா, மொட்டைக் கடிதம், பஸ், எல்லாம்.

காக்கா நிதானமாகக் கேட்டார். முகத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

"உன் பேரத்தான் பாடுனியா? எப்பவும் அதத்தானடா பாடுவ" என்றார்.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே மணலில் உட்கார்ந்தார். அந்த மெலிந்த இஞ்சினியருக்காக நாலு பேரும் மனமார வேண்டிக்கொண்டோம். மனிதர் என்னை இன்னும் ஓர் அடி முன்னால் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதற்குள் பந்தலில் ஊர்வலப் பாட்டை நாலு தடவை போட்டுவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெயர் போய், தோழனின் பெயர், சமையல்காரரின் பெயர் என்று யார் யார் பெயரையோ கத்திக்கொண்டிருந்தார்கள். பின்னால் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அந்தத் தட்டு ஓடியதற்குக் காரணமே அந்த வெற்றிடம்தான். அவரவர் மாப்பிள்ளையை அவரவரே இறக்கிக்கொள்ளலாம் அல்லவா. அதில் பாடியவர்களில் நானும் ஒருவன் என்று சொன்னால் யாரும் நம்பியதில்லை. தட்டைப் போட்டுக் காட்டினால் அதற்கு மேலும் நம்ப மாட்டார்கள்.

ஐந்தாவது தடவைக்கு மைக்செட்காரர் ஊசியைத் தூக்கியபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "இந்தப் பாட்டு போதும்ப்பா, காது வலிக்குது. பின்னாடி என்ன இருக்குன்னு பாரு" என்றது.

காக்கா எழுந்திருக்கவில்லை. பந்தலுக்கு முதுகைக் காட்டியபடி, வலையின் ஒரு கண்ணியில் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழாயில் மவுத் ஆர்கன் தொடங்கியது. பந்தலில் பேச்சு நிற்கவில்லை. இலை போடச் சொல்லி யாரோ கத்தினார்கள். எனக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை என் பெயருக்காக இல்லை.

முதல் அடி முடிவதற்குள் இலை போடச் சொன்ன குரல் நின்றுபோனது. பிறகு ஒவ்வொரு பேச்சாக நின்றது. அந்த ஊரில் பாதி வீட்டு ஆண்கள் கொழும்பிலும் பினாங்கிலும் இருந்தார்கள். "எழுதினதெல்லாம் ஊருக்கு" என்று குழாய் சொன்னபோது பெண்கள் பக்கம் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. அந்த "எனக்கா" சறுக்கிப்போய்த் தங்கியது. தொடையில் வாசித்துக்கொண்டிருந்த ஆர்மோனியக்காரன் பழக்கத்தில் விரல்களை எடுத்தான்.

பாட்டு முடிந்து தட்டு வெறுமனே சுற்றும் கரகரப்பு கேட்டது. யாரும் கை தட்டவில்லை. அதே குரல்தான் மறுபடி கேட்டது.

"இதயே இன்னொருக்கா வையி."

காக்கா வலைக் கண்ணியிலிருந்து விரலை எடுத்தார். சிக்கிக்கொண்டிருந்தது, கொஞ்சம் இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எழுந்து இடுப்புச் சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டினார். "சாப்பிடலாமா, பசிக்குது" என்றார். நாங்கள் நாலு பேரும் பந்தலுக்குள் போய் உட்கார்ந்தோம். எங்களுக்கு இலை போட யாரும் வரவில்லை. பரிமாற வேண்டியவர்கள் எல்லாரும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.